கெட்டிப்பாலை எடுத்து வை

மேடையிலிருக்கும் கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, ஜெனரேட்டர் தந்து உதவிய பால் சங்கத் தலைவர் அவர்களே, வாசகசாலைச் செயலாளர் அவர்களே, வேலந்தாவளத்திலிருந்தும் மீனாட்சிபுரத்திலிருந்தும் பஸ் பிடித்துக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்திருக்கும் ஆஷா சகோதரிகளே, பெயர் விட்டுப்போன பெரியோர்களே, வணக்கம்.

ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் பிறந்தநாளான ஜூன் 14 ரத்ததான நாள். மூன்று விஷயம் பேச வேண்டும்: ஆபரேஷனில் ரத்தத்தை நீர்க்க வைப்பது, சிந்திய ரத்தத்தைக் கழுவி ஏற்றும் இயந்திரம், பம்பாய் குரூப் என்ற அரிய ரத்த வகை.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். முதல் விஷயமே அதுதான்.

ஒரு பால்காரர். கேனில் ஓட்டை. சொசைட்டி போவதற்குள் நாலு லிட்டர் ஒழுகிவிடும். மனுசன் யோசித்தார். கெட்டிப்பாலில் கொஞ்சத்தைப் போசியில் எடுத்து மகனிடம் கொடுத்துவிட்டு, கேனில் அந்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றினார். வழியெல்லாம் ஒழுகியது தண்ணிப்பால். சொசைட்டி வாசலில் மகன் போசியோடு நிற்கிறான். கெட்டிப்பால் கேனுக்குள் போகிறது. லாக்டோமீட்டரை உள்ளே விட்டால்... சங்கத் தலைவர் முறைக்கிறார், நிறுத்திக்கொள்கிறேன். பாலில் செய்தால் கலப்படம், நோயாளிக்குச் செய்தால் வைத்தியம்!

மயக்கம் கொடுத்தபின், கத்தி வைக்குமுன் ரத்தம் எடுக்கிறோம். 60 கிலோ ஆண் என்றால், கிலோவுக்கு 70 மி.லி. வீதம் 4,200 மி.லி. ரத்தம். சிவப்பணு விகிதமான ஹெமடோக்ரிட்டை 42 சதவீதத்திலிருந்து 30க்கு இறக்க வேண்டும். வித்தியாசம் 12, சராசரி 36. 4,200ஐ 12ஆல் பெருக்கி 36ஆல் வகுத்தால் 1,400. ஆக, ஏறக்குறைய 450 மி.லி. பை மூன்று. எடுக்க எடுக்க, இன்னொரு ஊசி வழியே மூன்று மடங்கு சலைன் வகைத் திரவம் ஏறும். பிறகு ஒரு லிட்டர் சிந்தினாலும் போகிற சிவப்பணு 420 மி.லி. அல்ல, 300தான்.

பையைத் தராசில் வைத்து ஆட்டிக்கொண்டே நிரப்ப வேண்டும். ஆட்டாவிட்டால் உறையாமல் காக்கும் மருந்து கலக்காது, கட்டி தட்டும். அளவு மீறினாலும் அதே கதி. குறைந்தால் அந்த மருந்தான சிட்ரேட் மிஞ்சும். அளந்து போடு! பெயர், எண், எடுத்த நேரம் எழுதி அதே தியேட்டரில் ஃப்ரிட்ஜுக்கு வெளியிலேயே வைத்து, 8 மணி நேரத்துக்குள் அதே நோயாளிக்கு ஏற்றிவிட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் கெடும். கடைசிப் பை முதலில் ஏறும். முதல் பைதான் கெட்டி, ரத்தப்போக்கு நின்றபின் அது.

இதயத்தில் அடைப்பு உள்ளவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. இதய ஆபரேஷனில் சுமார் 2,000 பேரிடம் செய்து 2025இல் வெளியான ஆய்வில், இம்முறையால் பிறர் ரத்தத்தின் தேவை குறையவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஹீமோகுளோபின் 9 உள்ள பெண்ணிடம் எதை எடுத்து வைப்பது? ஏற்கெனவே தண்ணிப்பால்! ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போதே, நாலு வாரமாவது முன்னால், அளந்து பாருங்கள். பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. கீழே போனால் ரத்தசோகை. டாக்டர் தரும் இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள், எலுமிச்சைத் தண்ணீர் நல்லது. மலம் கறுத்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

இயந்திரமும் பம்பாய் குரூப்பும் மிச்சம். கடைசி பஸ் போய்விடும் என்று செயலாளர் சீட்டு நீட்டுகிறார். வாசலில் ஆஷா சகோதரிகள் மேசை போட்டிருக்கிறார்கள், விரலில் ஒரே குத்து. பஞ்சாயத்துத் தலைவரே, முதல் விரல் உங்களுடையது.