மிரட்டுகிறவனின் முதலீடு

அவையோர் அனைவருக்கும் வணக்கம். நடுவர் அவர்களே, ‘இணையத்தில் பிள்ளைகளைக் காப்பது பெற்றோரின் கண்டிப்பா, தோழமையா?’ என்ற தலைப்பில் தோழமையே என்று வாதாட வந்திருக்கிறேன். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்கிறவள் நான். அங்கே கண்டதைத்தான் பேசப்போகிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், அலைபேசிக்குப் பூட்டுப் போடுங்கள், இரவு ஒன்பது மணிக்கு வாங்கி பீரோவில் வையுங்கள், பயம் இருந்தால்தான் பிள்ளை ஒழுங்காக இருக்கும் என்றார். பூட்டை விடுங்கள். அந்தப் பயத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

பிள்ளையை வளைக்க வருகிறவன் எப்படி வருகிறான்? கூட விளையாடுகிறவனாக வருகிறான். ‘அருமையாக ஆடுகிறாய் தம்பி’ என்று தட்டிக்கொடுக்கிறான். ஆட்டத்துக்குள் செலவழிக்கும் ‘வைரங்களை’ இலவசமாக வாங்கித் தருகிறான். ஒரு வாரம் போனதும், ‘இங்கே வேண்டாம், வேறு செயலிக்கு வா, தனியாகப் பேசலாம்’ என்கிறான். பிறகு ஒரு படம் கேட்கிறான். படம் கைக்கு வந்த நிமிடமே குரல் மாறிவிடுகிறது. என்ன சொல்லி மிரட்டுகிறான் தெரியுமா? ‘உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்!’ நம்மைக் காட்டித்தான் நடுவர் அவர்களே, நம் பிள்ளையை மிரட்டுகிறான்! நாம் ஊட்டி வளர்த்த பயம்தான் அவனுக்கு முதலீடு. ‘அனுப்பிக்கொள், அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன்’ என்று சொல்லக்கூடிய பிள்ளையிடம் அந்த வியாபாரம் செல்லுமா?

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். மதிய மணி அடித்தும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூடியின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே, ‘டீச்சர், என் நண்பன் ஒருவனுக்கு ஒரு பிரச்சினை’ என்று தொடங்கினான். நண்பன் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூடி திறந்திருக்காது. பாதிக் கதையில் ‘நண்பன்’ போய் ‘நான்’ வந்தது. பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து 300, 500 என்று எடுத்து, பெட்டிக்கடை அண்ணனிடம் கொடுத்து, அவருடைய அலைபேசியிலிருந்து அந்த மிரட்டல்காரனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறான். மூன்று வாரம் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெண் பிள்ளைகளுக்குத்தான் இந்த ஆபத்து என்று நினைத்து நிம்மதியாக இருக்கும் பெற்றோருக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்.

அப்பாவை வரவழைத்துச் சொன்னோம். மகன்மேல் உயிரையே வைத்திருக்கும் மனிதர். ஆனால் வீட்டுக்குப் போனதும் அலைபேசியைப் பிடுங்கித் தரையில் ஓங்கி அடித்துவிட்டார். அந்தப் படுபாவியின் கணக்குப் பெயர், அவன் அனுப்பிய செய்திகள், மிரட்டிய நேரங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. மறுநாள் புகார் கொடுக்கப் போனபோது, பெட்டிக்கடைக்காரரின் அலைபேசியில் எஞ்சியிருந்த பணம் அனுப்பிய விவரம் ஒன்றுதான் கைகொடுத்தது. கண்டிப்பு உச்சத்துக்குப் போனால் சாட்சியை நாமே உடைக்கிறோம்.

என்ன செய்திருக்க வேண்டும்? ‘உன்மேல் தப்பில்லை’ என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதன்பின் ஒரு ரூபாய்கூட மேற்கொண்டு அனுப்பக்கூடாது. செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் என்கிற திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டுதான் அவனைத் தடை செய்ய வேண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும், பிள்ளைக்கு உதவி வேண்டுமென்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை. அந்தப் படம் பரவிவிடுமோ என்ற பதற்றத்துக்கும் வழி உண்டு. 18 வயதுக்கு உட்பட்டபோது எடுத்த படங்களுக்கென்றே ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அலைபேசியிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை போன்ற ஓர் எண் அடையாளம் உருவாகும், அது மட்டும் வெளியே போகும். அதை வைத்து, பங்கேற்கும் தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். இத்தனை வழியும் இருக்கிறது. ஆனால் பிள்ளை வாய் திறந்தால்தானே ஒன்றுக்காவது உயிர் வரும்? சட்டம்கூட அப்படித்தான். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு, இப்படியொரு குற்றம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. நமக்குத் தெரியவே வராவிட்டால்?

எதிரணியினர் ஆஸ்திரேலியாவைக் காட்டினார்கள். 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது என்றார்கள். சரிதான். ஆனால் அந்தச் சட்டம் அபராதம் விதிப்பது நிறுவனங்களுக்கு, 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனையே கிடையாது. அதைக் காட்டியா பிள்ளையை அடக்கச் சொல்கிறீர்கள்? தென்கொரியாவையும் பாருங்கள். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை இணைய விளையாட்டு ஆடக்கூடாது என்று 2011இல் சட்டம் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு ஆடினார்கள். 2021இல் அரசே அந்தச் சட்டத்தைக் கைவிட முடிவெடுத்தது.

ஆறு வயதுக் குழந்தையின் கையில் பூட்டில்லாமல் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சின்னக் குழந்தைக்குப் பூட்டு வேண்டும். ஆனால் ‘தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்’ என்று சொல்லிக்கொண்டு தோள் உயரும்வரை காத்திருக்க இப்போது நேரமில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது, இடுப்பளவு உயரமிருந்த பிள்ளையின் கையில் பாடத்துக்காக அலைபேசியைக் கொடுத்தவர்கள் நாம்தானே?

எனக்குத் தெரிந்த ஒரு தாய் இரவில் பூக்கட்டும்போது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ‘அந்த விளையாட்டை எனக்கும் காட்டு கண்ணு, இன்றைக்கு யார் யார் வந்தார்கள்?’ என்று கேட்பார். பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்கும் அதே குரல். ஒருநாள் மகள், ‘அம்மா, ஒருத்தர் நம் வீட்டு விலாசம் கேட்கிறார்’ என்றாள். கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்துவிட்டு, ‘எங்கே, காட்டு’ என்றார். கத்தவில்லை. இருவருமாகச் சேர்ந்து அந்த ஆளைத் தடை செய்தார்கள். எந்தப் பூட்டும் காட்டிக்கொடுக்காத ஆள் அவன்.

அந்த எட்டாம் வகுப்பு மாணவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. போன மாதம் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். பின்னால் இன்னொரு சிறுவன், ஆறாம் வகுப்பு இருக்கும். ‘டீச்சர், இவன் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டுமாம். திட்ட மாட்டீர்கள் என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன்’ என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

தோழமையின் பக்கம் தீர்ப்புத் தாருங்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.