ஆறாவது வரியில் நின்ற அம்மாயி

நடுவர் அவர்களே, மார்கழிக் குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு இந்தக் கோயில் முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் தோட்டத்து உறவுகளே, வணக்கம்.

‘திருமுறையை ஓதினாலே போதும், பொருள் தெரியத் தேவையில்லை’ என்றார் எதிரணித் தலைவர். ஓதுவதை நான் குறை சொல்லவில்லை; பொருளுணர்ந்து ஓதினால்தான் அகவிடுதலை என்கிறோம் நாங்கள். விடியற்காலை 4 மணிக்கு லயம் லயமாக, வீட்டு வரிசை வரிசையாகப் போகும் பஜனையில் வளர்ந்தவன்தான் நானும்.

என் அம்மாயிக்கு, அம்மாவைப் பெற்றவருக்கு, எழுத்துத் தெரியாது. இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் 40 வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். பொழுதுபட்டால் குப்பி லாம்பு வெளிச்சத்தில் நான் திருமுறையில் வரும் சிவபுராணம் வாசிக்க வேண்டும். 95 வரி. ஒரே மூச்சில் முடித்துவிட்டு எழும்பப் பார்ப்பேன். ஒருநாள் ஆறாவது வரியில் மறித்தார். ‘வேகம் கெடுத்தாண்ட வேந்தன் அடிவெல்க.’

“இருப்பா. அது என்னா வேகம்?”

மறுநாள் தமிழ் ஆசிரியரிடம் கேட்டுவந்து சொன்னேன்: மனசின் பதைப்பு, அம்மாயி. அதை அடக்கி ஆட்கொள்கிறவன் இறைவன்.

வெற்றிலை இடித்த கை நின்றுவிட்டது. “கொழுந்து நிறுக்கிற நேரம் எனக்கு வருதே, அதுதானா?”

சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோவைக் கழிப்பார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். அந்த ஆத்திரம் முழுக்க வீட்டில் எங்கள் தலையில்தான் இறங்கும். அந்த வரிக்கு அப்புறம், தராசடியில் ஆத்திரம் கிளம்பும்போதே அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. ‘வருது பாரு வேகம்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாராம். ஒருநாள் குரல் நடுங்காமல் கேட்டிருக்கிறார்: “ஐயா, அந்த வெறுஞ்சாக்கை ஒருக்கா நிறுத்துக் காட்டுங்க.” அத்தனை வருஷம் கத்தியவர் ஒருநாளும் கேட்காத கேள்வி அது!

‘அகவிடுதலை பேசி, 1948இல் பிரஜாவுரிமையையே பறிகொடுத்த சனத்தை இன்னும் பொறுத்துப்போகச் சொல்கிறீர்களா?’ என்றார் எதிரணித் தங்கை. நியாயமான கோபம், அம்மா. ஆனால் என் அம்மாயி பொறுத்துப்போகவில்லையே! ஆத்திரம் அவரை ஆண்ட வரைக்கும் தன் பக்கத்து நியாயத்தை அவரால் ஒழுங்காகச் சொல்லவே முடியவில்லை. அதன் பிடி விட்டது, வாய் திறந்தது. நான் விடுதலை என்று சொல்வது இதைத்தான்.

ஓதினால் போதுமா என்பதற்கு அதைப் பாடிய மாணிக்கவாசகரே பதில் வைத்திருக்கிறார். சிவபுராணத்தை முடிக்கும் இடத்தில், ‘சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்’ சிவபுரம் சேர்வார் என்கிறார். சொல்லுவார் என்று மட்டும் விட்டிருக்கலாம். விடவில்லை, பொருளுணர்ந்து என்கிறார்.

ஏழாவது வரிக்குப் போக அம்மாயிக்கும் எனக்கும் ஒன்பது நாள் ஆயிற்று, நடுவர் அவர்களே.