தோட்டம் பார்க்க வருகிறவர்கள் எங்கே தங்குவது?

வணக்கம் நேயர்களே.

யாழ்ப்பாணத்தில் கோப்பாய்க்கும் நீர்வேலிக்கும் இடையில், பருத்தித்துறை வீதியிலிருந்து உள்ளே இறங்கினால் செம்மண் தறைகள், அதாவது தோட்டக் காணிகள், வரும். அங்கே நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு கூட்டுத் தோட்டம் செய்கிறோம். வெங்காயம், கத்தரி, பயிற்றை, மிளகாய், கொஞ்சம் வாழை, இரண்டு பசு, சில ஆடுகள். கொழும்பிலிருந்தும் கனடா, லண்டனிலிருந்தும் பிள்ளைகளோடு வந்து பார்க்கிற குடும்பங்கள் இப்போது கூடிவிட்டன. வருவதற்கு முன் தொலைபேசியில் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "நாங்கள் எங்கே தங்கினால் நல்லது?" என்பதுதான். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

என் மகளின் கதையைச் சொல்கிறேன். முதல் தடவை இரண்டு பேரப்பிள்ளைகளோடு வந்தபோது, பட்டினத்துக்குள் ஒரு விடுதியில் மூன்றாம் மாடியில் அறை எடுத்திருந்தாள். வசதியான அறை. ஆனால் காலைச் சாப்பாடு எட்டு மணிக்குத்தான் தொடங்கும். சாப்பிட்டு, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, ஓட்டோ பிடித்து, தோட்டத்துக்கு வந்து சேரப் பதினொரு மணி. அந்த நேரம் தோட்டத்தில் என்ன இருக்கும்? வெயில்தான் இருக்கும். நாங்களே வேலையை முடித்துவிட்டு நிழலுக்குப் போயிருப்போம். சின்னவன் அரை மணித்தியாலத்தில் அழத் தொடங்கிவிட்டான். மூன்று நாளும் இதே கதை. பிள்ளைகள் பார்த்ததெல்லாம் சூடேறிய மண்ணும் படுத்திருந்த மாடும்தான்.

அடுத்த முறை தோட்டத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீட்டில் இரண்டு அறை எடுத்துக் கொடுத்தேன். ஐந்தரை மணிக்குப் பசு கறக்கிற நேரம் பிள்ளைகள் இரண்டு பேரும் படலையில் நிற்கிறார்கள். ஆறு மணிக்கு இறைப்புத் தொடங்கியது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிவர, அதோடு சேர்ந்து அவர்களும் ஓடினார்கள். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவதைப் பெரியவள் அன்றைக்கே பழகிவிட்டாள். ஏழு மணிக்குக் கத்தரிக்காய் ஆய்ந்து, சந்தைக்குப் போகிற சாக்கில் போட்டார்கள். ஒன்பது மணிக்குத் திரும்பிப் போய்ப் புட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினார்கள். பின்னேரம் நாலரைக்கு மறுபடி வந்தார்கள்.

ஆகவே என்னைக் கேட்டால், தங்குமிடத்தைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது நேரத்தை. விடியலில் இருந்து ஒன்பது மணிவரையும், நாலு மணியிலிருந்து இருட்டும்வரையும்தான் தோட்டம் உயிரோடு இருக்கும். அந்த இரண்டு நேரமும் பிள்ளைகள் நடந்தே வந்து போகக்கூடிய தூரத்தில் இடம் கிடைத்தால், மற்ற வசதிகளில் ஒன்றிரண்டு குறைந்தாலும் பரவாயில்லை. கோப்பாய், உரும்பிராய், நீர்வேலி, புத்தூர், இணுவில் பக்கங்களில் வீடுகளில் அறை கொடுக்கிறார்கள். முழு வீட்டையும் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் இப்படியான வீடுகளைப் பதிவு செய்யலாம். பதிவு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸிலோ இரவு ரயிலிலோ வருகிறவர்கள் விடியப்புறம் வந்து இறங்குவார்கள். பல விடுதிகளில் அறை கிடைக்கப் பகல் இரண்டு மணியாகும். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளையோடு ஏழெட்டு மணித்தியாலம் எங்கே இருப்பது? விடியவே அறை தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். ஊர் வீடுகளில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இனிக் கிணறு. இதைச் சொல்லத்தான் நான் முக்கியமாக வந்தேன். யாழ்ப்பாணத்தில் கிணறு இல்லாத வளவு அரிது. வீட்டுக் கிணறுகளுக்குக் கட்டு இருக்கும், ஆனால் சில பழைய கட்டுகள் முழங்கால் உயரம்தான். தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டே இருக்காது, தரையோடு தரையாகத் திறந்திருக்கும். வெளியூரில் வளர்ந்த பிள்ளைக்கு அது புதுமை. எட்டிப் பார்க்கத்தான் செய்யும். தங்கப் போகிற வீட்டில் கிணறு எங்கே இருக்கிறது, கட்டு பிள்ளையின் நெஞ்சளவுக்காவது உயரமா, மேலே வலையோ மூடியோ போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். இதற்குக் கோபிக்கிற வீட்டுக்காரரிடம் தங்க வேண்டாம். எங்கள் தோட்டத்தில் கிணற்றைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, படலைக்குப் பூட்டும் போட்டிருக்கிறோம். இருந்தாலும் பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை.

கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மழைத் தண்ணீர் அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கித்தான் கிணறுகளுக்கு வருகிறது. நாங்கள் தோட்டத்துக்குப் போடுகிற யூரியாவும், வளவில் இருக்கிற மலக்குழியின் கழிவும் அதே வழியால்தான் இறங்குகின்றன. அதனால் எங்கள் தோட்டமும் இருக்கிற வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று என்கிற உப்பு கூடுதலாக இருப்பதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பெரியவர்களைவிட, ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குத்தான் இதனால் ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை என்றால் கவலையில்லை. பால்மா கரைத்துக் கொடுப்பதென்றால் போத்தல் தண்ணீரோ, சுத்திகரித்து விற்கிற குடிநீரோ கிடைக்கிற இடமாகப் பாருங்கள்.

படுக்கையைப் பற்றிக் கொஞ்சம். ஐப்பசி முதல் மார்கழி வரை எங்களுக்கு மழை. அந்த மாதங்களிலும், மழை விட்ட கையோடு தையிலும் டெங்கு கூடும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. அதனால் மத்தியானம் பிள்ளை தூங்கும்போதும் வலை வேண்டும். யன்னலுக்கு வலை அடித்த வீடு என்றால் இன்னும் நல்லது. அப்புறம், ஊருக்கு வந்தால் பாய் விரித்துப் படுக்க வேண்டும் என்று சிலருக்கு ஆசை. எனக்கும் பாய்தான் பிடிக்கும். ஆனால் தோட்டத்துப் பக்க வீடுகளில் பிள்ளைகளை நிலத்தில் படுக்க வைக்காதீர்கள். எண்ணெய் விரியன் பாம்பு இரவில் வீட்டுக்குள் வரும், நிலத்தில் தூங்குகிறவர்களைக் கடிக்கும், கடித்தது தெரியாமலே போகலாம். கட்டிலில் படுத்து, வலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். மருந்தடித்த தறைக்குப் பக்கத்து அறையும் வேண்டாம். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் வாசம் முழுக்க அறைக்குள்தான் வரும். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். யாழ் போதனா வைத்தியசாலையும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையும் எவ்வளவு தூரம் என்று வீட்டுக்காரரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மம்மா, அப்பப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் பலர். அவர்கள் பிறந்த மண்ணைப் பேரப்பிள்ளைக்குக் காட்டத்தான் முழுப் பயணமும். அவர்களுக்குக் கீழ்த்தளத்து அறை வேண்டும். அறையோடு சேர்ந்த மலசலகூடமும், கதிரை போல இருந்து எழும்பக்கூடிய கொமட்டும் வேண்டும். என் முழங்கால் அன்றைக்கு மகளின் மூன்றாம் மாடிக்கு ஏற விடவில்லை. பேரப்பிள்ளைகள் தூங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாமல் கீழேயே இருந்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரரிடம் நான் கட்டாயம் கேட்கச் சொல்கிற ஒரு கேள்வி இருக்கிறது: "வெளியில் கால் கழுவக் குழாய் இருக்கிறதா?" எங்கள் செம்மண் ஒட்டினால் லேசில் போகாது. வெள்ளைச் சட்டை இரண்டாம் நாள் காவி நிறமாகிவிடும். பிள்ளை முழங்கால்வரை மண்ணோடு வந்து நிற்கும்போது, "ஐயோ, ரைல்ஸ் பழுதாகப் போகுது" என்று முகம் சுழிக்கிற இடத்தில் அந்தப் பிள்ளை அடுத்த நாள் வாய்க்காலில் இறங்காது. தாய் இறங்க விடமாட்டாள். முற்றத்தில் ஒரு குழாய், ஒரு வாளி, உடுப்புக் காயப்போட ஒரு கொடி, "வா பிள்ளை, காலைக் கழுவிப்போட்டு உள்ள வா" என்று சொல்கிற ஒரு ஆள். இவ்வளவும் இருந்தால் அந்த வீட்டை எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒன்று. சில வீடுகளில் மச்சம் சமைக்க மாட்டார்கள், வேறு சில வீடுகளில் வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறி. முதலே கேட்டுக்கொண்டால் இரண்டு பக்கமும் சங்கடமில்லை. பிள்ளைக்கு உறைப்பில்லாமல் சொதியும் இடியப்பமும் தருவார்களா என்றும் கேளுங்கள். தோட்டத்தில் தானே ஆய்ந்த கத்தரிக்காயைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சமைத்துத் தருவார்களா என்றும் கேளுங்கள். கத்தரிக்காயைத் தொடாத என் பேரன் அன்றைக்கு மூன்று முறை கறி கேட்டு வாங்கினான்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கடினம், விலையும் ஏறும். திருவிழாவையும் தோட்டத்தையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்கள் பல மாதம் முன்பே சொல்லி வையுங்கள்.

மாசி, பங்குனியில் நாங்கள் வெங்காயம் பிடுங்குவோம். சின்னக் கைகளுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை தோட்டத்தில் இல்லை. அந்த நேரம் வருகிறவர்கள் எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் இருக்கக் குட்டிப் பலகைகளும், தலைக்குத் தொப்பிகளும் எடுத்து வைக்கிறோம். விடிய ஆறு மணிக்குப் படலை திறந்திருக்கும்.