கூடுதல் பணம் வாங்கியவர் ஏன் தோற்றார்? குத்துச்சண்டை ஒப்பந்தத்துக்குள் நடக்கும் சண்டை

[தொடக்கக் காட்சி: சேரன்மகாதேவி பக்கம் ஒரு வயல் வரப்பு. பின்னால் அறுவடை முடிந்த தாள்.]

வணக்கம் மக்களே! 1987 ஏப்ரல் 6, லாஸ் வேகாஸ். ரிங்குக்குள் இரண்டு பேர். ஒருவர் மார்வின் ஹாக்ளர், 11 வருடமாகத் தோல்வியே பார்க்காதவர். இன்னொருவர் சுகர் ரே லெனார்ட், ஏறக்குறைய மூன்று வருடமாக ஒரு சண்டையும் போடாதவர். ஹாக்ளருக்கு உறுதியான தொகை 12 மில்லியன் டாலர். லெனார்டுக்கு 11 மில்லியன். ஜெயித்தது யார் தெரியுமா? லெனார்ட்!

அந்த வெற்றியில் பாதி, மணி அடிப்பதற்குப் பல மாதம் முன்பே ஒரு மேஜையில் எழுதப்பட்டுவிட்டது என்று நான் நம்புகிறேன். எப்படி என்று பார்க்கலாம் வாங்க.

[திரையில்: வீரர் – மேனேஜர் – ப்ரொமோட்டர்]

முதலில் அடிப்படை, சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். சண்டையை ஏற்பாடு செய்து, அரங்கம் பிடித்து, டிக்கெட் விற்று, டிவியிடம் பேசிப் பணம் போடுபவர் ப்ரொமோட்டர். வீரர் பக்கம் நின்று அவரிடம் பேரம் பேச வேண்டியவர் மேனேஜர். அவ்வளவுதான்.

இப்போது ஹாக்ளருக்கு வருவோம். பேச்சுவார்த்தையில் ஹாக்ளர் தரப்புக்குப் பணத்தில் மேல்கை வேண்டியிருந்தது. சாம்பியன் அவர்தானே, நியாயம்தான். லெனார்ட் தரப்பு, "சரி, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு மூன்றே மூன்று விஷயம் கேட்டது. ரிங் 20 அடி இருக்க வேண்டும். கையுறை 10 அவுன்ஸ். 15 ரவுண்டு கிடையாது, 12 போதும்.

கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். நம் ஊர்ப் பக்கம் கொடைக்கும் பொங்கலுக்கும் கபடி பார்த்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும். கோடு போடும்போதே ஏன் அவ்வளவு தகராறு வருகிறது? களம் அகலமானால் பாடிப் போகிறவனுக்கு லாபம், சுழன்று தப்பிக்கலாம். களம் ஒடுங்கினால் பிடிக்கிறவர்களுக்கு லாபம், நான்கு பேர் கை கோத்தால் முடிந்தது கதை. ஆட்டம் தொடங்கும் முன்பே சுண்ணாம்புக் கோட்டில் பாதி ஆட்டம் நடந்துவிடுகிறது.

ரிங்கும் அப்படித்தான். நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு பக்கம் 18 அடி என்றால் 324 சதுர அடி. 20 அடி என்றால் 400. இரண்டே இரண்டு அடி கூடினால் 76 சதுர அடி கூடுகிறது! துரத்தி வந்து மூலையில் அடைத்து அடிப்பவர் ஹாக்ளர். கால் ஓட்டத்தில் பிழைப்பவர் லெனார்ட். அந்த இடம் யாருக்குப் பயன்படும்? அப்புறம் கையுறை. கனமான கையுறையில் மெத்தை அதிகம், இடி கொஞ்சம் மட்டுப்படும். இதுவும் இடி வாங்கப் போகிறவருக்கு நல்லது. ரவுண்டோ கேட்கவே வேண்டாம். மூன்று வருடம் சும்மா இருந்த உடம்புக்குக் கடைசி மூன்று ரவுண்டு எவ்வளவு பெரிய பாரம்!

சண்டை அப்படியே நடந்தது. லெனார்ட் ஓடினார், சுழன்றார், ரவுண்டு முடியும் நேரத்தில் படபடவென்று குத்தி நடுவர்கள் கண்ணில் நின்றார். மூன்று நடுவர்களில் இரண்டு பேர் லெனார்டுக்கு, ஒருவர் ஹாக்ளருக்கு. அன்று ஜெயித்தது ஹாக்ளர்தான் என்று இன்றைக்கும் சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பிடிக்கட்டும். எனக்கு அந்த 76 சதுர அடியை நினைத்தால்தான் தூக்கம் வர மாட்டேன் என்கிறது.

[காட்சி: களத்துமேடு, நெல் குவியல்]

சரி, பங்குக்கு வருவோம். சண்டைப் பணத்தை இரண்டு வீரர்களும் 60-க்கு 40, 75-க்கு 25 என்று பிரித்துக்கொள்வதாகச் செய்தியில் வரும். தாமிரபரணிப் பாசனத்தில் வாரத்துக்கு, அதாவது அடுத்தவர் நிலத்தில் விளைச்சலைப் பங்கு போடும் பேச்சில், பயிர் வைத்த குடும்பங்களுக்கு இது பழைய பாடம். எங்கள் தாத்தா பிசான அறுப்பு முடிந்து பொலி அளக்கும்போது முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "அண்ணாச்சி, அறுப்புக் கூலி பொதுவில போகுதா, எம் பங்குல போகுதா?" பாதிப் பங்கு என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு, கூலியும் உரமும் ஒருவர் தலையிலேயே விழுந்தால் வீட்டுக்கு எத்தனை கோட்டை நெல் வரும்?

வீரர் வாங்கும் தொகையிலும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் மேனேஜர் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் எடுக்கலாம். பயிற்சியாளருக்கு வழக்கமாக 10 சதவீதம். பட்டம் தரும் அமைப்புக்கு 3 சதவீதம் அளவில் கட்டணம். ஆக 100 ரூபாயில் 54 ரூபாய்தான் மிஞ்சும், வரி இன்னும் பிடிக்கவில்லை. அடி வாங்கும் முகம் மட்டும் முழுசாக அவருடையது. இதைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

மொத்த வசூல் எவ்வளவு என்றே வீரருக்குத் தெரியாத காலமும் இருந்தது. 2000-இல் அமெரிக்காவில் முகமது அலி பெயரில் ஒரு சட்டம் வந்தது. ப்ரொமோட்டர் தன் வருமானக் கணக்கை வீரரிடம் சொல்லியாக வேண்டும், அவரே மேனேஜராகவும் இருந்து இரண்டு பக்கமும் சம்பாதிக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம்.

இரண்டு வீரர்கள் தரப்புக்கும் பேச்சு முறிந்தால்? நம் ஊர்க் குளத்து மீன் குத்தகை மாதிரி மூடிய உறையில் டெண்டர்! அதிகத் தொகை எழுதியவருக்குச் சண்டையை நடத்தும் உரிமை. 2022-இல் டைசன் ஃப்யூரி – டில்லியன் ஒயிட் சண்டைக்கு ஒரு உறையில் 3,22,22,222 டாலர், இன்னொன்றில் 4,10,25,000 டாலர். அதிகம் எழுதியவர் ஃபிராங்க் வாரன், 2015-இல் நம் விஜேந்தர் சிங் தொழில்முறைக்கு மாறியபோது கைகோத்த அதே ப்ரொமோட்டர். ஜெயிப்பவருக்கு 10 சதவீதம் எடுத்து வைத்துவிட்டு, மீதி ஃப்யூரிக்கு 80, ஒயிட்டுக்கு 20. முதலிலேயே ஒத்துப்போயிருந்தால் உறைக்கே வேலை இல்லை.

[திரையில்: ஒரே ஒரு வரி]

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த வரி: மறுசண்டை உரிமை. "நான் தோற்றால் என்னோடு இன்னொரு முறை மோத வேண்டும்" என்பதுதான் அதன் சாரம். 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் லெனாக்ஸ் லூயிஸை ஹசிம் ரஹ்மான் ஒரே குத்தில் சாய்த்துப் பட்டத்தைப் பிடுங்கினார். அடுத்து வேறு ஆளோடு மோதக் கிளம்பினார். லூயிஸ் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போனார். தீர்ப்பு லூயிஸ் பக்கம். நவம்பரில் மறுசண்டை, நான்காவது ரவுண்டில் ரஹ்மான் தரையில்.

ஹாக்ளரும் இன்னொரு முறை மோத வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். லெனார்ட் வரவில்லை. 1988-இல் ஹாக்ளர் ஓய்வை அறிவித்தார். அந்த 20 அடி ரிங்தான் அவர் கடைசியாக ஏறிய ரிங்.

உங்கள் வீட்டில் யாராவது வாரத்துக்குப் பயிர் வைத்திருந்தால், அறுப்புக் கூலி யார் பங்கில் போனது என்று கேட்டுக் கமெண்டில் எழுதுங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் கையுறை மாட்டிப் பயிற்சி எடுக்கும் தம்பி தங்கைகள் தெரிந்தால் இந்த வீடியோவை அவர்களுக்கு அனுப்புங்கள். யாராவது கையெழுத்துக் கேட்டு வந்தால், காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.