மணிக்கூடு படியை எண்ணுறேல்லை

வணக்கம் நேயர்களே. வன்னியில இருந்துகொண்டு மாடிக்கணக்கு கதைக்கிறான் எண்டு நினைப்பியள். இஞ்சை கண்ணுக்கெட்டின தூரம் வயலும் குளமும்தான், வீடுகளும் கனக்க நிலத்தோடதான். எண்டாலும் வெளிநாட்டில இருந்து பிள்ளையள் அனுப்புற பொதியில இப்ப ஒரு கைமணிக்கூடு கட்டாயம் கிடக்குது, அது இண்டைக்கு இத்தினை மாடி ஏறினீங்கள் எண்டு சொல்லுது, சனமும் நம்புது. அது சரியோ எண்டதைத்தான் நான் கொஞ்சக் காலமாத் தோண்டிக்கொண்டிருக்கிறன்.

முதல்ல ஒண்டைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. மணிக்கூடு படியை எண்ணுறேல்லை. அது காத்தின்ர அமுக்கத்தைப் பாக்குது. மேல போகப் போக அமுக்கம் குறையும், 3 மீற்றருக்கு 0.36 மில்லிபார் அளவில. நீங்கள் நடந்துகொண்டிருக்கேக்க அவ்வளவு குறைஞ்சா, அதாவது 10 அடி ஏறினா, ஒரு மாடி எண்டு போடும். அதாலதான் லிஃப்டில போனா மாடி விழாது, கை ஆடேல்லை. குளக்கட்டுச் சரிவில ஏறினா படியே இல்லாட்டிலும் விழும்.

இதில எனக்குப் பிடிச்ச கதை ஒண்டு இருக்கு, கொஞ்சம் நீளம், பொறுத்துக் கேளுங்கோ. 1648ஆம் ஆண்டு, பிரான்சில பாஸ்கல் எண்ட விஞ்ஞானிக்கு ஒரு சந்தேகம், மலையில ஏறினா, காத்தின்ர அமுக்கத்தைக் காட்டுற பாதரசக் குழாயில இரசம் இறங்குமோ எண்டு. அவர் பாரிசில இருந்தவர், மலையடியில இருந்தது அவரின்ர தமக்கையின்ர புருசன் பெரியே, எங்கட முறையில அத்தான். அத்தானுக்குக் கடிதம் போட்டார். செப்டெம்பர் 19 அண்டைக்கு அந்த மனுசன் குழாயைத் தூக்கிக்கொண்டு புய் த டோம் மலையில ஏறினார், உச்சியில இரசம் 3 அங்குலத்துக்கு மேல இறங்கியிருந்தது. ஆனா எனக்கு மலையில நடந்ததை விட அடிவாரத்தில நடந்ததுதான் பெரிசு. ஏற முதல் பெரியே இன்னொரு குழாயை மடத்துத் தோட்டத்தில வைச்சு, ஒரு துறவியை அண்டைக்கு முழுக்க அதைப் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லிப்போட்டுத்தான் போனவர். கீழ இருந்த குழாய் அசையேல்லை. அப்பதான் உறுதி, மாறினது காலநிலை இல்லை, உயரம்தான்.

இப்ப உங்கட கையைப் பாருங்கோ. அதில ஒரு குழாய்தான் இருக்கு, கீழ துறவி இல்லை. காத்து மாறினதோ நீங்கள் ஏறினதோ எண்டு அது தனிய நிண்டு ஊகிக்குது.

எங்கட பக்கத்து வெயில் நாடுகளில அமுக்கம் ஒரே அளவில நிக்கிறதுமில்லை. காலமை 10 மணியளவில கூடும், பின்னேரம் 4 மணியளவில குறையும், ராவிலயும் அதே மாதிரி இன்னொருக்கா. வித்தியாசம் 3 மில்லிபார் அளவில வரும், அது 25 மீற்றர் ஏறின மாதிரி, 8 மாடி! மெதுவா மாறுறபடியால மணிக்கூடு பெரும்பாலும் அதைக் கழிச்சுப்போடும், எல்லா நேரமும் இல்லை. போன ஆடியில, சோளகக் காத்து அடிக்கிற நேரம், இரணைமடுக் குளக்கட்டில மேல ஏறி நிண்டு எண்ணைப் பாத்துப்போட்டு மட்டமா ஒரு மணித்தியாலம் நடந்தனான், இன்னும் 3 மாடி காட்டிச்சுது. காத்து சென்சர் ஓட்டைக்குள்ள அடிச்சு அடிச்சு ஏமாத்திப்போட்டுது எண்டுதான் நான் நினைக்கிறன்.

கூடக் காட்டினாப் பரவாயில்லை, குறையக் காட்டுறதுதான் எனக்குப் பொறுக்கேலாது. அம்மாவுக்கு முழங்கால் நோ. ஒரு ஆசுப்பத்திரியில ரெண்டாம் மாடியில கிளினிக், லிஃப்ட் வேலை செய்யேல்லை. இடக்கையில மணிக்கூடு, அதே கையால கைபிடியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, ஒரு காலை வைச்சு மற்றக் காலைச் சேத்து, நடுவில ரெண்டு தரம் நிண்டு மூச்சு வாங்கி, சீலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சு ஏறினவ. நான் பின்னால எண்ணிக்கொண்டு வந்தனான், 38 படி. அவவின்ர மணிக்கூடு பூச்சியம், என்ர மணிக்கூடு 2. கை ஆடேல்லை எண்டா அதுக்கு நடையில்லை, விட்டு விட்டு ஏறினா அதுக்கு ஏத்தமில்லை. "தம்பி, அப்ப நான் ஏறேல்லையோ?" எண்டு கேட்டா. ஏறினனீங்கள் அம்மா, 38 படி, நான் எண்ணினனான் எண்டு சொன்னன். மூச்சு முட்டுற வருத்தக்காரர், வயசானவை, ஏறக் கஷ்டப்படுற சனம்தான் இந்தக் கணக்கில விடுபட்டுப் போகுது, அவை மணிக்கூட்டை நம்பி மனம் விடக்கூடாது. வாயால எண்ணுங்கோ, கொப்பியில எழுதுங்கோ. வழமையான படி 17, 18 ஏறினா ஒரு மாடி எண்டு வைக்கலாம்.

ஃபோனை வீட்டில துறவி மாதிரி வைச்சு ஒப்பிட்டுப் பாக்கிற விதத்தை விளக்கமாச் சொல்ல வந்தனான், கண்ணாடிக்கு அங்கால தம்பி கை காட்டுறார், ஒரு நிமிசம்தானாம். சுருக்கமாச் சொல்லுறன், அமுக்கம் பாக்கிற சென்சர் உள்ள ஃபோன் எண்டா மேசையில வைச்சு, நடக்க முதலும் வந்த பிறகும் எண்ணைக் குறிச்சுக்கொள்ளுங்கோ, ரெண்டும் ஒண்டெண்டா காத்து மாறேல்லை. மற்றது மணிக்கூட்டின்ர அந்தச் சின்ன ஓட்டை, வேர்வையும் சவுக்காரமும் அடைஞ்சா கணக்குப் பிழைக்கும், வெறும் தண்ணியில கழுவிக் காய விடுங்கோ, ஊசி மட்டும் விடாதேங்கோ. வணக்கம்.