படை தருபவருக்கே தளபதி பதவி

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் பேராசிரியர் அம்மா அவர்களே, அவருக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு மேல் சீட்டாக எழுதி நீட்டிக்கொண்டிருக்கும் தம்பி அவர்களே, சபையோரே, அனைவருக்கும் வணக்கம்.

பிராந்திய அமைதிப் படைக்குத் தளபதியைத் தர வேண்டியது அதிகப் படை அனுப்பும் நாடா, நடுநிலையான நாடா என்பது கேள்வி. அதிகப் படை அனுப்பும் நாடுதான் என்பது எங்கள் கட்சி.

அம்மா சற்று முன்பு ஒரு உவமை சொல்லிக் கைதட்டல் வாங்கினார். தளபதி பதவிக்கு நாடுகள் அடித்துக்கொள்வது, தேர்த் திருவிழாவில் பரிவட்டத்துக்கு அடித்துக்கொள்வதைப் போலத்தானாம். பெரிய வீட்டுக்காரருக்கே கட்டினால் மற்ற தெருக்காரர்கள் வடத்தைத் தொட மாட்டார்கள், பொதுவான ஒருவருக்குக் கட்டுங்கள் என்றார். நானும் சேர்ந்துதான் கை தட்டினேன். ஆனால் அம்மா, தேரில் இன்னொரு ஆள் இருக்கிறார், பார்த்திருப்பீர்கள். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஓடி ஓடி முட்டுக்கட்டை போடுகிறவர். தேர் எங்கே நிற்கும், எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர் கையில் இருக்கிறது. வடம் பிடிக்கிறவர்கள் அவர் குரலுக்கு நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் போவது அவருடைய கை. தளபதிக்கு இருப்பது அந்த வேலை. பரிவட்டத்தை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள்.

சரி, மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போவோம். இந்தச் சண்டையை அந்த நாடுகள் அளவுக்குப் போட்டுப் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை.

1990. லைபீரியாவில் உள்நாட்டுப் போர். அதிபர் சாமுவேல் டோவின் ஆட்சி தலைநகர் மன்ரோவியாவின் சில தெருக்களுக்குள் சுருங்கிவிட்டது. ஒரு பக்கம் கிளர்ச்சித் தலைவர் சார்லஸ் டெய்லர், இன்னொரு பக்கம் அவரிடமிருந்து பிரிந்த பிரின்ஸ் ஜான்சன். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸ், ஆகஸ்டில் எகோமோக் என்ற படையை அனுப்பியது. நைஜீரியா, கானா, கினி, சியரா லியோன், காம்பியா சேர்ந்து தொடக்கத்தில் சுமார் 3,000 பேர். பணமும் பலமும் பெரும்பாலும் நைஜீரியாவுடையது. ஆனால் நைஜீரிய ஆட்சியாளர் பாபங்கிடா, டோவின் நண்பர் என்று பெயர் எடுத்தவர். டெய்லரோ 'இது நைஜீரியப் படையெடுப்பு' என்று முழங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஐவரி கோஸ்டும் புர்க்கினா ஃபாசோவும். இந்தச் சூழலில் தளபதி பதவி கானாவின் லெப்டினன்ட் ஜெனரல் அர்னால்ட் குவைனூவுக்குப் போனது. அம்மா கேட்கிற ஏற்பாடு அப்படியே இருந்தது.

செப்டம்பர் 9. எகோமோக் தலைமையகம் இருந்த ஃப்ரீபோர்ட் துறைமுகத்துக்கு டோ தன் காவலர்களுடன் வருகிறார். பின்னாலேயே ஜான்சனின் ஆட்கள் துப்பாக்கியுடன் வருகிறார்கள். அமைதிப் படையின் வாசலிலேயே சுட்டார்கள். ஒரு நாட்டின் அதிபரைக் காலில் சுட்டு, தூக்கிக்கொண்டு போய், சித்திரவதை செய்து கொன்றார்கள். அதை வீடியோ எடுத்து உலகத்துக்கும் காட்டினார்கள். அமைதிப் படை பார்த்துக்கொண்டிருந்தது. (அந்தப் பிரின்ஸ் ஜான்சன் பின்னாளில் தேர்தலில் நின்று லைபீரிய செனட்டர் ஆனார். அது வேறு பட்டிமன்றத்துக்கான தலைப்பு.)

குவைனூ கோழை என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குக் கிடைத்த அனுமதி அவ்வளவுதான், ஆளும் ஆயுதமும் அவ்வளவுதான். அந்த மாதமே அவர் இடத்துக்கு நைஜீரியாவின் மேஜர் ஜெனரல் ஜோஷுவா டோகொன்யாரோ வந்தார். கூடவே நைஜீரியாவின் பீரங்கியும் விமானமும் வந்தன. டெய்லரின் ஆட்களை மன்ரோவியாவுக்கு வெளியே தள்ளினார்கள். நவம்பர் கடைசியில் பமாகோவில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. 'சண்டை போட்டால் அது அமைதிப் படையா' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மன்ரோவியாவில் சோற்றுக்கு வழியில்லாமல் கிடந்தவர்கள் அதைக் கேட்கும் நிலைமையில் இல்லை.

அதற்குப் பிறகு லைபீரியாவில் எகோமோக்குக்குத் தளபதியாக வந்தவர்கள் எல்லோரும் நைஜீரியர்கள்தான். 'அதனால்தானே சந்தேகம் தீரவில்லை' என்று தம்பி தலையாட்டுகிறார். சந்தேகத்தைத் தீர்க்க என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். 1991-ல் அமெரிக்கா கைகொடுக்க, செனகல் படை அனுப்பியது. பிரெஞ்சு பேசும் நாடு, நைஜீரியாவின் நிழல் படாத நாடு. ஆட்களைப் பறிகொடுத்ததும் 1993-ல் கிளம்பிவிட்டது. அப்புறம் உகாண்டாவும் தான்சானியாவும் வந்தன. 1995-க்குள் அவையும் போய்விட்டன. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? பக்கத்து வீடு எரிந்தால் நெருப்பு நம் கூரைக்கு வரும் என்ற பயம் அவர்களுக்கு இல்லை. கடைசிவரை இருந்து, ஆயுதங்களை வாங்கி வைத்து, 1997 தேர்தல் வரை கொண்டுபோனது நைஜீரியா. லைபீரியா, சியரா லியோன் இரண்டுக்குமாகச் சுமார் 800 கோடி டாலர் செலவழித்தோம் என்பது நைஜீரியா சொன்ன கணக்கு. கணக்கில் கொஞ்சம் உப்பு கூடியிருக்கலாம், எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. பாதியாகவே இருக்கட்டும், வேறு எந்த அண்டை நாடு கொடுத்திருக்கும்?

இனி சியரா லியோன். இங்கே நம் நாடும் வருகிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

1999 ஜனவரியில் ஆர்.யூ.எஃப் கிளர்ச்சியாளர்கள் தலைநகர் ஃப்ரீடவுனுக்குள் புகுந்து கண்ணில் பட்டவர்களின் கையை வெட்டிக்கொண்டு போனார்கள். அவர்களைத் திருப்பி அடித்தவர்கள், செத்தவர்கள், பெரும்பாலும் நைஜீரியர்கள். பிறகு ஜூலையில் அவர்களோடு லோமே சமாதான ஒப்பந்தம், அக்டோபரில் ஐ.நா. படை. நைஜீரியா தளபதி பதவியை எதிர்பார்த்தது. கிடைத்தது இந்தியாவின் மேஜர் ஜெனரல் விஜய் ஜெட்லிக்கு. அரசியல் தலைமையோ ஐ.நா. சிறப்புப் பிரதிநிதியான நைஜீரியர் அடெனிஜியிடம். துணைத் தளபதி நைஜீரியாவின் கார்பா. இந்த அமைப்பை வரைந்தவர் யாரோ, மத்தியஸ்தம் செய்வதாக நினைத்துத்தான் வரைந்திருப்பார்.

2000 மே மாதத் தொடக்கம். எகோமோக்கின் கடைசி நைஜீரியப் பிரிவுகள் கிளம்பிய அதே நாட்களில் ஆர்.யூ.எஃப் பாய்ந்தது. சுமார் 500 ஐ.நா. வீரர்கள் பிடிபட்டார்கள். பிரிட்டன் தன் படையை இறக்கி விமான நிலையத்தைக் காப்பாற்றியது. அந்தப் படை ஐ.நா. தளபதியின் கீழ் வரவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அந்த நேரத்தில் ஜெட்லி ஒரு குறிப்பு எழுதுகிறார். நைஜீரிய உயர் அதிகாரிகள் தன் காலை வாருகிறார்கள், போர் முடியாமல் இழுபடுவதில் அவர்களுக்கு ஆதாயம், வைரத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று. செப்டம்பரில் அது பத்திரிகைக்குக் கசிந்தது. நைஜீரியா கொதித்தது, எல்லாம் பொய் என்றது, அவரை மாற்று என்றது. யார் சொன்னது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு தளபதி தன் துணைத் தளபதியைப் பற்றி இப்படி ஒரு கடிதம் எழுதுகிற இடத்தில் படை இருக்குமா? செப்டம்பரிலேயே இந்தியா சுமார் 3,000 வீரர்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

தம்பி வேகமாக எழுதுகிறார். 'இந்தியாவும் பெரிய படை அனுப்பிய நாடுதானே, உங்கள் கணக்குப்படியே ஜெட்லிதானே தளபதி?' என்று கேட்கப் போகிறார். கேட்கட்டும். அதே ஜெட்லி ஜூலையில் என்ன செய்தார்? சியரா லியோனின் கிழக்கே கைலாஹுனில் இரண்டு மாதத்துக்கும் மேல் முற்றுகையில் கிடந்த 220-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களை மீட்டார். ஆபரேஷன் குக்ரி. மற்ற நாடுகளும் உதவின, பிரிட்டிஷ் ஹெலிகாப்டர்களும் வந்தன, ஆனால் முதுகெலும்பு இந்தியப் படை. தன் சொல்லுக்குக் கட்டுப்படும் ஆட்களை வைத்துக்கொண்டு அவர் ஜெயித்தார். மற்ற பிரிவுகள் ஒவ்வோர் உத்தரவுக்கும் தத்தம் தலைநகரைத் திரும்பிப் பார்த்த இடத்தில் மாட்டிக்கொண்டார். இரண்டிலும் தளபதி ஒரே ஆள்தான்.

ஜெட்லிக்குப் பிறகு கென்யாவின் டேனியல் ஒபாண்டே வந்தார், அந்தப் படை நன்றாகவே முடித்தது. அம்மாவின் துருப்புச் சீட்டு அதுதான், நல்ல சீட்டு. ஆனால் ஒபாண்டே காலத்தில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 17,500 வரை ஏறியது. பாகிஸ்தான் பெரிய படையை அனுப்பியது. பிரிட்டன் பக்கத்திலேயே நின்றது. துணைத் தளபதியாக நைஜீரியாவின் அக்வாய் இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, ஐ.நா.விடம் பணப்பெட்டி இருக்கிறது. படை தரும் நாட்டுக்கு ஆளுக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுத் திருப்பிக் கொடுக்கும். எகோவாஸ் மாதிரிப் பிராந்திய அமைப்புக்கு அந்தப் பெட்டி கிடையாது. சம்பளம், தோட்டா, டீசல் எல்லாம் அந்தந்த நாட்டின் கஜானாவிலிருந்து வர வேண்டும். நம் தலைப்போ பிராந்தியப் படையைப் பற்றியது.

மாலிக்கு ஒரே ஒரு நிமிடம். 2013-ல் ஆப்பிரிக்கப் படைக்கு நைஜீரியர் தளபதி. ஜூலையில் அது ஐ.நா. படையாக மாறியபோது தளபதி ருவாண்டாவின் கசூரா. அதே மாதம் நைஜீரியா தன் வீரர்களில் பெரும்பகுதியைத் திரும்ப அழைத்தது. உள்நாட்டில் போக்கோ ஹராம் தீவிரவாதிகளின் பிரச்சினை என்பது சொல்லப்பட்ட காரணம். பதவி போன கோபமும் சேர்ந்தது என்று எழுதினார்கள். சின்னத்தனம் என்று நீங்கள் சொல்லலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் சின்னத்தனத்தையும் கணக்கில் வைத்துத்தானே படை திரட்ட வேண்டும்?

இப்போது எங்கள் கட்சிக்கு உள்ள பெரிய சங்கடத்துக்கு வருகிறேன். ஃப்ரீடவுனை மீட்ட நைஜீரிய வீரர்கள், சந்தேகப்பட்டவர்களை விசாரணை இல்லாமல் சுட்டார்கள். மனித உரிமை அமைப்புகள் அதைப் பதிவு செய்திருக்கின்றன. லைபீரியாவில் கொள்ளையும் நடந்தது. நான் இதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் மேலே ஒரு கானாக்காரரோ கென்யாக்காரரோ இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? அமைதிப் படையில் குற்றம் செய்யும் வீரனைத் தண்டிக்கும் அதிகாரம் தளபதிக்குக் கிடையாது, அவனை அனுப்பிய நாட்டுக்குத்தான். ஐ.நா. படையிலும் அதே விதிதான். வெளிநாட்டுத் தளபதி அறிக்கை எழுதுவார், அதிகம் போனால் ஊருக்குத் திருப்பி அனுப்பச் சொல்வார். தளபதியும் வீரனும் ஒரே நாடு என்றால், யார் சட்டையைப் பிடிப்பது என்பதாவது தெரியும்.

தம்பி 'ஐ.பி.கே.எஃப்' என்று, இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையைப் பற்றி, ஒரு சீட்டு நீட்டியதையும் பார்த்தேன். அம்மா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். இந்த அவையில் அதை யாரும் லேசாகப் பேச முடியாது என்பது அவருக்குத் தெரியும். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் செத்தவர்களையும், மூன்று ஆண்டுகளில் உயிர்விட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களையும் வைத்து நான் புள்ளி எடுக்க வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அது இரண்டு அரசுகள் கையெழுத்திட்டு ஒரே நாடு அனுப்பிய படை. அங்கே தளபதி பதவிக்குப் போட்டியே இல்லை. டெல்லியின் வீரர்களுக்கு மேலே ஒரு நேபாளத் தளபதியை உட்கார வைத்திருந்தாலும் உத்தரவு டெல்லியிலிருந்துதான் வந்திருக்கும். அங்கே தவறியது எதற்காகப் போகிறோம் என்பதில்.

கடைசியாக, கிழக்குத் திமோர். 1999 ஆகஸ்டில் மக்கள் வாக்களித்தார்கள், இந்தோனேசியாவிடமிருந்து விடுதலை வேண்டும் என்று. உடனே விடுதலையை எதிர்த்த ஆயுதக் குழுக்கள் தலைநகர் டிலியைக் கொளுத்தின. செப்டம்பர் 15-ல் பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம். 20-ல் படை இறங்கியது. ஐந்தே நாள். தளபதி ஆஸ்திரேலியாவின் பீட்டர் காஸ்குரோவ், படையில் பாதியளவு ஆஸ்திரேலியர்கள். துணைத் தளபதி தாய்லாந்துக்காரர். மலேசியப் பிரதமர் மகாதீருக்குக் கடும் அதிருப்தி. இந்தோனேசியா கோபத்தில் ஆஸ்திரேலியாவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தையே ரத்து செய்தது.

நடுநிலை பார்த்தால் ஆஸ்திரேலியாவுக்கு அந்தப் பக்கம் தலை வைத்தே படுக்க உரிமை இல்லை. திமோரை இந்தோனேசியா விழுங்கியதைச் சட்டப்படி ஏற்றுக்கொண்ட நாடு அது. திமோர்க் கடல் எண்ணெயைப் பங்கு போட 1989-ல் ஜகார்த்தாவுடன் ஒப்பந்தமும் செய்துகொண்டது. இவ்வளவும் தெரிந்தும் திமோர்த் தலைவர்கள் அந்தப் படையை வரவேற்றார்கள். அடுத்த பிப்ரவரியில் பொறுப்பு ஐ.நா. படைக்குப் போனது, தளபதியாக வந்தவர் பிலிப்பைன்ஸ்காரர். அதற்கு நாங்கள் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. ஆஸ்திரேலிய வீரர்கள் அவருக்குக் கீழேயும் இருந்தார்கள். தவணை முடிந்ததும் இறங்கிக்கொள்ள வேண்டும், அரசியல் தலைமை வேறு நாட்டிடம் இருக்க வேண்டும் என்று எத்தனை கடிவாளம் வேண்டுமானாலும் போடுங்கள், சம்மதம். முதல் நாள் இறங்கும்போது மட்டும் அதிக ஆள் தருபவரிடம் உத்தரவைக் கொடுங்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வரும் தம்பி ஒரே ஒரு பெயர் சொல்லட்டும். 1999 செப்டம்பரில் ஐந்து நாளில் டிலியில் படையை இறக்கி, அதைத் தலைமை தாங்கி நடத்தியிருக்கக்கூடிய நடுநிலை நாடு எது? பெயரைச் சொல்லிவிட்டால் நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமே வந்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.