முதல் வழக்கே விலங்குக்காக இருக்கட்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

விலங்கு நலச் சட்டத்தில் ஈடுபாடுள்ள ஒரு இளம் வழக்கறிஞர் எடுத்த எடுப்பிலேயே அதில் இறங்கலாமா, இல்லை மற்ற வழக்குகளில் பத்து வருடம் பழகிவிட்டு வரவேண்டுமா? இதுதான் தலைப்பு. இன்றே இறங்க வேண்டும் என்பது எங்கள் அணி.

"முதலில் தொழிலைக் கற்கட்டும், விலங்கு எங்கே போய்விடப் போகிறது?" என்றார் எதிரணித் தோழர். போய்விடும் ஐயா! கொடுமை வழக்கில் மீட்கப்பட்ட நாய், வழக்கு முடியும்வரை வெறும் சான்றுப் பொருளாகக் கூண்டில் கிடக்க நேரிடும். பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் வாழும் உயிருக்கு மூன்று வருட வாய்தா என்றால் கால்வாசி ஆயுள் போயிற்று. அதுவரை யார் பராமரிப்பது? செலவு யார் தலையில்? அடித்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்களா? இதையெல்லாம் முதல் வாரமே மனுப் போட்டுக் கேட்க ஆள் வேண்டும்.

சரி, தொழில் கற்பது என்கிறார்களே, இதைவிடக் கடினமான பள்ளி எது? பாதிக்கப்பட்டவர் சாட்சிக் கூண்டேறி ஒரு வார்த்தை பேச முடியாத வழக்கு இது. கால்நடை மருத்துவரின் அறிக்கை, குறைந்துபோன எடை, காயம் எத்தனை நாள் பழையது, புகைப்படம் எப்போது எடுத்தது என்று துண்டு துண்டாகக் கோர்த்துத்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கு முன்பே, "இந்த வழக்கைத் தொடுக்க உனக்கென்ன தகுதி?" என்று எதிர்த்தரப்பு மறிக்கும். பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் விலங்கு இன்னும் சொத்துதான். சொத்து தன் உரிமையாளர்மீது வழக்குப் போட முடியாதே! இதைத் தாண்ட அரசியலமைப்பு, சொத்துரிமை, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் படித்தாக வேண்டும்.

வருமானம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் தவறான கால்நடை சிகிச்சைக்கு இழப்பீடு, மணமுறிவில் செல்லப்பிராணி யாரிடம் என்ற தகராறு, இவையெல்லாம் கட்டணம் தரும் வழக்குகளே.

அப்புறம், "தோற்கிற வழக்குக்கு இளமையைக் கொடுப்பதா?" என்றார்கள். அர்ஜென்டினாவின் மெண்டோசா நகர மிருகக்காட்சி சாலையில் தனித்துக் கிடந்த சிம்பன்சி செசிலியாவுக்காக, முறையின்றி அடைத்து வைத்தவரை விடுவிக்கக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். 2016இல் நீதிமன்றம் அதை ஏற்றது. மறு ஆண்டு அவள் பிரேசிலில் உள்ள சரணாலயத்துக்குப் போனாள். நியூயார்க்கில் ஹேப்பி என்ற யானைக்காகப் போட்ட அதே வகை மனு 2022இல் 5க்கு 2 என்று தோற்றது, உண்மை. ஆனால் யானையின் பக்கம் மாறுபட்ட தீர்ப்பெழுதிய இருவரில் ஒருவரான ரோவன் வில்சன் அடுத்த ஆண்டே அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார். அந்தத் தீர்ப்பின் பக்கங்களை இனி வரும் வழக்கறிஞர்கள் எடுத்து வாதாடுவார்கள். வழக்கே போடாமல் இருந்திருந்தால் அந்தப் பக்கங்கள் ஏது?

கடைசியாக சுவிட்சர்லாந்தைக் காட்டினார்கள். சூரிச் மாநிலத்தில் விலங்குகளின் சார்பில் அரசே ஒரு வழக்கறிஞரை வைத்திருந்தது. நாடு முழுவதும் அப்படி வைக்கலாமா என்று 2010இல் வாக்கெடுப்பு நடந்தபோது 70 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இது எங்களுக்கான சான்று நடுவர் அவர்களே! அரசு ஆள் அனுப்பாத இடத்துக்குத் தானாகப் போய் நிற்கத் துணிந்த பெண்ணையோ பையனையோ "பத்து வருடம் கழித்து வா" என்று திருப்பி அனுப்பாதீர்கள் எனக் கேட்டு அமர்கிறேன். நன்றி.